மூன்று பக்கம் மட்டும் வலை

சோளன் காக்கிற வேலைக்குக் கெட்டித்தனம் தேவையில்லை, தொண்டை இருந்தால் காணும். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் போய்ப் பெயிலானபிறகு எனக்கு மிஞ்சியிருந்ததும் அதுதான். உன்னிச்சைக் குளத்துக்கு அங்கால் காட்டை ஒட்டினபடி எங்கள் சேனை, காடு வெட்டிச் சோளன் போட்ட மேட்டு நிலம். யுத்தம் முடிந்த வருச மாரியில் பகல் காவல் எனக்கு, இரவுக் காவல் அப்பாவுக்கு என்று ஏற்பாடு. சோளன் காத்தவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். காக்காதவர்கள் அவித்த சோளன் பொத்தியைக் கடிக்கும்போது எங்களை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொத்திக்கு உங்களுக்கு முன்னால் கிளி, மயில், குரங்கு, பன்றி என்று ஒரு வரிசையே நின்றது.

அப்பா சேனைக்காரர் இல்லை. கல்குடாவில் கடல்தொழில் செய்தவர். சுனாமி வந்த காலையில் அவர் ஆழக்கடலில் நின்றார். தோணி ஒருதரம் மெதுவாக ஏறி இறங்கியதாம், அவ்வளவுதான். கரைக்கு வந்து பார்த்தால் வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் பள்ளிக்கூட விடுமுறைக்கு உன்னிச்சையில் மாமி வீட்டுக்கு வந்திருந்தேன். மாமி என்றால் அப்பாவின் அக்கா. வந்தவள் அங்கேயே தங்கிப்போனேன். கொஞ்ச நாளில் அப்பாவும் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவின் வளவு எனக்கு. அதைப் போய்ப் பார்க்கவேண்டும், கிணற்றடியில் நிற்கவேண்டும், அப்படியே கடற்கரைக்கு நடக்கவேண்டும் என்று நான் கேட்காத மாதமில்லை. அப்பாவிடம் ஒரே பதில்தான்: சோளன் அழியாமல் வீட்டுக்கு வரட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு வருசம் யானை வந்தது. இன்னொரு வருசம் சண்டை வந்தது. இந்த முறை சண்டையும் இல்லை. ஒவ்வொரு பொத்தியையும் நான் கல்குடா பஸ் ரிக்கற்றாகத்தான் பார்த்தேன்.

நாலாம் பக்கம்

மற்றச் சேனைக்காரர்கள் முள்ளு வெட்டி வேலி அடைத்தார்கள். அப்பா மட்டக்களப்பு வாவிக்கரை ஆக்களிடம் போய், மீனுக்கு உதவாத கிழிசல் வலைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கம்பு நட்டு வலையை இழுத்துக் கட்டினார். கீழே ஈயக்கட்டிக்குப் பதிலாகக் கல்லு, மேலே மிதவைக்குப் பதிலாக வெற்றுத் தகர ரின். பன்றி முட்டினால் ரின் எல்லாம் கிலுகிலு என்று சத்தம் போடும். மயிலுக்குக் காலில் வலை பட்டால் பயம், கிட்ட வராது. அயல் சேனைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கெட்டிக்கார மனுசன் என்று சொல்லிப்போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் முடிந்தது. காடு கிட்டவாக இருக்கிற கிழக்குப் பக்கம் மட்டும் வெளிச்சுப்போய்க் கிடந்தது. வலை முடிந்துபோயிற்று என்றார் அப்பா. அந்தப் பக்கத்துக்கு முள்ளை வைத்து அடைத்தோம். அன்றைக்கு இரவே பன்றி வந்தது. மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்த கால் அடையாளம் இருந்தது, பிறகு நேரே கிழக்கால் உள்ளே போயிருந்தது. அடுத்த சேனை மாமியுடையது. வரம்பில் நின்று அந்தக் கால் அடையாளங்களைப் பார்த்துவிட்டு மாமி சொன்னா: "மூண்டு பக்கம் சுவர் வைச்சுப்போட்டு நாலாம் பக்கம் பண்டிக்கு வாசல் வைச்ச மனுசன் என்ட தம்பி ஒராள்தான் கா."

வெள்ளைச் சட்டை

கிளியை வெருட்ட நடுவில் ஒரு வெருளி நட்டோம், அதற்கு உடுப்பு வேண்டும். அப்பாவிடம் இருந்தது இரண்டு சாரம், அதில் ஒன்று அவர் இடுப்பில். ஆகவே என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டினேன். எப்படியும் நான் போடப்போவதில்லை. கழுத்துப்பட்டியையும் விடவில்லை. தலைக்கு ஒரு மண்சட்டி, அதில் கரியால் கண்.

முதல் நாள் கிளி வரவில்லை. இரண்டாம் நாள் தூரத்து மரத்தில் இருந்து பார்த்தது. மூன்றாம் நாள் வெருளியின் தோளில் இருந்துகொண்டு பொத்தியை உரித்துத் தின்றது. அது தின்கிற வடிவைப் பார்க்கவேண்டும், ஒரு காலால் பிடித்துக்கொண்டு சட்டையெல்லாம் சக்கையைக் கொட்டியது. நான் கல்லெடுத்து எறிய, கல் சட்டியில் பட்டுத் தலை உடைந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் கணக்கு ரீச்சர் குளத்து வீதியால் சைக்கிளில் வந்தா. சைக்கிளை நிறுத்தி, தலையில்லாமல் நின்ற வெள்ளைச் சட்டையையும் காவல் பரணில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தா. திரும்பப் பரீட்சை எழுதச் சொல்லிப் புத்திமதி வரப்போகிறது என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். ரீச்சர் காலைப் பெடலில் வைத்தபடி சொன்னது இவ்வளவுதான்: "நீ இருந்தத விட இது ஒழுங்கா நிக்குது. தலையிலதான் ரெண்டு பேருக்கும் பிரச்சின."

நல்ல கூட்டம்

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பகல் காவலுக்கும் அப்பாவே ஏறினார். நான் பரணுக்குக் கீழே சாக்கில் சுருண்டு கிடந்தேன். கிளி கத்துகிற சத்தம் கேட்டது, ஒன்று இரண்டு இல்லை, வானம் முழுக்க. அப்பா கத்துவார் என்று பார்த்தேன். சத்தமே இல்லை. நித்திரையாகிப்போனார் என்று நினைத்து எழும்பிப் பார்த்தால் மனுசன் குந்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒரு கையை எனக்கு நேரே நீட்டிப் பொறு பொறு என்று காட்டுகிறார். மூச்சுக்கூட விடவில்லை.

கிளி வட்டம் அடித்தது. பதிந்தது. பிறகு அப்படியே பச்சையாகச் சோளனுக்கு மேல் இறங்கியது. பொத்தி உரிகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அப்பா அப்போதும் அசையவில்லை. அது முழுக்க இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. மீன் கூட்டம் வந்தால் அப்படித்தானாம் செய்வது, சத்தம் போடக்கூடாது, முழுக்க இறங்கவிட்டுத்தான் வளைக்கவேண்டும். வருமா வருமா என்று ஆயுள் முழுக்கப் பார்த்திருந்த ஆளைப் பிடித்து, வரக்கூடாது என்று பார்த்திருக்கச் சொன்னால் இப்படித்தான். நான் தகரத்தை எடுத்து அடித்தேன், எல்லாம் கிளம்பிப் பறந்தது. ஒரு வரிசை பொத்தி போயிற்று. வாயில் வந்தபடி ஏசினேன். அப்பாவுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. பல வருசத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். பறந்துபோகிற கிளிகளைப் பார்த்துக்கொண்டு, "நல்ல கூட்டம், மகள்," என்றார்.

படுத்துக்கொண்டவர்கள்

சண்டைக் காலத்தில் சேனை காத்தவர்களுக்கு இது தெரியும். வெடி போட ஏலாது, பந்தம் கொளுத்த ஏலாது, பெரிதாகக் கத்தவும் யோசிக்கவேண்டும். அந்த வருசங்களில் பன்றிகள் நல்லாக வாழ்ந்தன. பிறகு சண்டை கிட்ட வந்தது, நாங்கள் சேனையையும் வீட்டையும் விட்டு வாவிக்கு அங்கால் எழுவான்கரைப் பக்கம் ஓடினோம். மாமி அரிசியைத் தூக்கினா. நான் கோழியைத் தூக்கினேன். அப்பா ஒரு உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நெல்லு என்று நினைத்தேன். அகதி முகாமில் பசி வந்தபோது அதை அவிழ்க்கச் சொன்னேன். அது தின்கிற சாமான் இல்லை என்றார். எல்லாரும் தின்கிறதைச் சுமந்து வர, இவர் என்னத்தைச் சுமந்து வந்தார் என்ற கோபம் எனக்கு நெடுநாள் போகவில்லை.

யுத்தம் முடிந்த வருசம்தான் திரும்பவும் யானை வெடி கொடுத்தார்கள். பெரிய சீனவெடி மாதிரி, திரியைக் கொளுத்தி எறியவேண்டும். ஒரு பின்னேரம் பன்றி குட்டிகளோடு கிழக்கால் வந்தது. அப்பா வெடியைக் கொளுத்தி எறிந்தார். சத்தம் குளத்தில் பட்டுத் திரும்பி வந்தது. நான் கண் திறந்து பார்த்தபோது பரணுக்குக் கீழே குப்புறக் கிடந்தேன், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி, ஷெல் விழுந்தால் செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பழக்கினது போலவே. வீதியில் விறகு கொண்டுவந்த இரண்டு பேர் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள். வெடியை எறிந்த அப்பாவும் சோளனுக்குள் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். ஒருத்தரும் எழும்பவில்லை. இரண்டாவது சத்தம் வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த சேனையில் நிலத்தோடு நிலமாகக் கிடந்த மாமியின் குரல் மட்டும் வந்தது: "தம்பி, பண்டி நிண்டு பார்க்குது. நாமதான் படுத்துக் கிடக்கம்."

உரப்பை

பொத்தியில் பால் பிடிக்கிற நேரம் மழை விடாமல் பெய்தது. கிழக்குப் பக்கத்து முள்ளு உக்கிப்போயிற்று. பன்றிகள் ஒவ்வொரு வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அறுவடைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது, இந்த முறையும் கல்குடா இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அடைக்க ஏதாவது கிடைக்குமா என்று மாமி வீட்டில் தேடினேன். சாக்கு, பழைய பாய், கிழிந்த நுளம்பு வலை. கூரை வளையில் அப்பாவின் உரப்பை தொங்கியது. அவிழ்த்தேன். பூச்சி உருண்டை மணந்தது, கலியாணச் சேலைக்குள் போடுகிற அதே உருண்டை. உள்ளே வலை. நல்ல வலை, ஒரு கண் அறாத வலை. கிழக்குப் பக்கம் முழுக்கக் கட்டினாலும் மிஞ்சும்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஏலாது. வலை முடிந்துபோயிற்று என்று சொன்ன மனுசன் இதை வைத்துக்கொண்டா சொன்னார்? இழுத்துக்கொண்டு சேனைக்குப் போய் முதல் கம்பில் கட்டத் தொடங்கினேன். அப்பா வந்தார். ஏசவில்லை. நான் கட்டின முடிச்சை அவிழ்த்தார். பிறகு வலையைக் கையால் தடவித் தடவி ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினார். அந்த இடத்தில் மட்டும் பச்சை நூல். சுனாமிக்கு முதல் நாள் இரவு அம்மா அந்தக் கிழிசலைப் பொத்தினாவாம். வெள்ளை நூல் முடிந்துபோயிற்று, நாளைக்குப் பார்ப்பம் என்று அப்பா சொல்லியும் கேட்காமல் பச்சை நூலை எடுத்து இருந்து பொத்தினாவாம். விடிய அந்த வலை அப்பாவோடு தோணியில் போனது. அதனால்தான் அது மிஞ்சியது.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் கோபம்தான் வந்தது. கடலை மறந்துபோன மனுசன் என்று நினைத்துத்தான் இத்தனை வருசம் பொறுத்திருந்தேன். மறக்கவில்லை என்றால் என்னை ஏன் சோளனைச் சொல்லிச் சொல்லி மறித்தார்? அதை அப்படியே கேட்டேன். அப்பா வலையை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இது கடல்ல நனையிற வலை, மகள். பண்டி கிழிக்கிறதுக்கில்ல," என்றார்.

மம்மல் நேரம்

அதற்குப் பிறகும் வலை கூரை வளையில்தான் தொங்கியது. இரவில் அப்பா பரணில் இருப்பார், மாமி தன்னுடைய சேனைக் காவலில், நான் வீட்டில் தனியாகத்தான். ஒரு நாள் எடுத்து ஒளித்துவைத்து, பகலில் அவர் நித்திரையாக இருக்கும்போது கட்டியிருக்கலாம். கையை வைத்தேன், எடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கட்டினால் சோளன் மிஞ்சும், சோளன் மிஞ்சினால் கடல். கணக்கு அவ்வளவு சுகம். ஆனால் நான் கணக்கில் போனவள்.

பதிலாக நானே கிழக்குப் பக்கத்தில் நின்றேன். பொழுது பட்டு மம்மலாகிற நேரம்தான் பன்றி இறங்குகிற நேரம். தகரத்தை அடித்துக்கொண்டு, ஓஓய் போ, போ அங்கால என்று இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுவேன். இந்தப் பக்கம் கத்தினால் அந்தப் பக்கத்தால் வரும். அப்பா இரவுக் காவலுக்கு வெள்ளன வந்து மற்ற மூலையில் நின்று அதே மாதிரிக் கத்துவார். இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை, பன்றியோடு மட்டும்தான் கதை. அறுவடைக்குள் தொண்டை கட்டிப்போயிற்று. சோளன் முறித்து முடித்தபோது அரைவாசிதான் வீட்டுக்கு வந்தது.

குவித்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு அப்பா தொடங்கினார், இந்த முறையும் சரிவரவில்லை, அடுத்த மாரிக்குப் பார்ப்போம் என்று. மாமி பொத்தி உரித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "பண்டி திண்டது சோளன, தம்பி. நீ திங்கிறது இந்தப் புள்ளயிட நாள."

கரை

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் அப்பா குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, முற்றத்தில் நிற்கிறார். தோளில் உரப்பை. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்ற பயம். மாமி அவித்த சோளனைப் பையில் போட்டுத் தந்தா. மட்டக்களப்புக்குப் போய், வாழைச்சேனை பஸ் பிடித்து, பிறகு கல்குடா. வழி முழுக்க அப்பா உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

என்னுடைய வளவு சின்ன வளவு. நினைவில் எவ்வளவு பெரிதாக வைத்திருந்தேன்! அடம்பன் கொடி முழுக்க மூடிக் கிடந்தது. கிணற்றில் பாதி மணல். கிணற்றுக் கட்டில் அம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லாகப் பாவித்த இடம் மட்டும் வழுவழு என்று அப்படியே இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என்னவோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் கல்லு சுட்டது, அவ்வளவுதான். அம்மா இருந்திருந்தால், வெறுங்காலோடு நிற்காதே என்று ஏசியிருப்பா. அந்த ஏச்சு எனக்கு வேண்டும்போல் இருந்தது.

கடற்கரைக்கு அப்பா முழுக்க வரவில்லை. மணல் தொடங்குகிற இடத்தில் உரப்பையை இறக்கி வைத்து அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் மட்டும் தண்ணிக்கு நடந்தேன். கடல் நல்ல பிள்ளை மாதிரிக் கிடந்தது. ஒரு அலை வந்தது. பெரிய அலையொன்றும் இல்லை, காலை நனைக்கிற அலை. எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. சேனையில் மாரி முழுக்கக் கேட்ட சத்தம். "ஓஓய்... போ, போ அங்கால." திரும்பிப் பார்த்தால் அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, பன்றிக்கு ஓடுகிற அதே ஓட்டத்தில் எனக்கும் கடலுக்கும் நடுவில் வந்து நின்று கத்துகிறார். அலை திரும்பிப் போனது. அது எப்படியும் போகும். ஆனால் அப்பா அதைத் தான்தான் விரட்டினது போல, மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

தோணியடியில் வலை தட்டிக்கொண்டிருந்த பெடியன்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்களை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. அதில் ஒருவன், என்னிலும் கொஞ்சம் மூத்தவன், மரியாதையாகத்தான் எழும்பி வந்து கேட்டான், ஐயா எந்தப் பக்கத்துச் சேனைக்காரர் என்று. அப்பா அவனைப் பார்த்தார், அவனுக்குப் பின்னால் கிடந்த தோணியைப் பார்த்தார். பிறகு மேலே போய் உரப்பையைத் தூக்கிவந்து மணலில் வைத்து, வாய்க்கட்டை அவிழ்த்தார். பூச்சி உருண்டைகள் மணலில் உருண்டன. வலையை இழுத்து, பச்சை நூல் இருந்த பக்கத்தை என் கையில் தந்துவிட்டு மற்ற நுனியை அவனிடம் நீட்டினார். "சேனைக்காரன் இல்ல மகன்," என்றார். "நான் இந்தக் கரைதான்."

போ, போ என்று ஒரு மாரி முழுக்க நாங்கள் கத்தி விரட்டினதெல்லாம் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தது, வா என்று ஒரு ஆளைக் கூப்பிடுகிறதுக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை காணவில்லை.